பால்மரத்தின் தாய்நாட்டு மக்கள்

(சங்கக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



உலகத்துப் பழங்குடி மக்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவிப்பு ஒட்டியதும், "அது நமக்கு எதற்கு? சம்பளத்தைப் பற்றிப் பேசினாலாவது பிரயோஜனம் உண்டு" என்றார் நம் அண்ணன் ஒருவர். சரி, சம்பளத்திலிருந்தே தொடங்குவோம். நமக்கும் நம் பாட்டனாருக்கும் சம்பளம் தந்த மரம் யாருடைய மரம்?

அது துரைமார் கண்டுபிடித்த மரமல்ல. தென் அமெரிக்காவின் அமேசான் காட்டு மக்கள், வெள்ளையர் அங்கே கால் வைப்பதற்கு முன்பே அதன் பாலை அறிந்திருந்தார்கள். பாலைப் புகையில் காட்டி உறையவைத்து, குப்பியும் தண்ணீர் புகாத காலணியும் செய்தார்கள். 1876-ல் விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே சொல்வீர்கள். மரம் பிறந்த காட்டில் என்ன நடந்தது என்பதைத்தான் நம்மில் எவரும் கேட்டதில்லை.

அந்தப் பெருங்காட்டின் மேற்கு மூலையில் புட்டுமாயோ என்றொரு ஆறு உண்டு. கொலம்பியாவும் பெருவும் சேருமிடம். உய்டோட்டோ, போரா, ஒக்காய்னா, அண்டோக்கே என்று பல குலத்தார் அங்கே வாழ்கிறார்கள். மரவள்ளிதான் அவர்களுக்குச் சோறு. மலோக்கா என்னும் பெரிய வீட்டில், ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. இரவானால் ஆண்கள் அங்கே வட்டமாக உட்கார்ந்து, புகையிலைக் குழம்பை நாவில் தொட்டுக்கொண்டு, கோக்கா இலைப் பொடியை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவார்கள். பழங்கதை, மறுநாள் வேலை, வழக்கு, சமாதானம் எல்லாம் அங்கேதான். நம் பெரட்டும் பஞ்சாயத்தும் பள்ளிக்கூடமும் ஒன்றாய்ச் சேர்ந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். புகையிலைக்கும் கோக்காவுக்கும் இனிப்பு மரவள்ளிக்கும் பிறந்த பிள்ளைகள் என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இவர்கள் நடுவே அரானா என்ற வியாபாரி புகுந்தான். 1907-ல் அவன் கம்பெனி லண்டனில் பதிவாயிற்று. அவன் தோட்டம் போடவில்லை, கன்று நடவில்லை. காட்டில் மரம் இருந்தது, மனிதரும் இருந்தார்கள். துப்பாக்கி முனையில் பால் எடுக்கச் செய்தான். குறித்த நாளில் குறித்த எடை வந்தாக வேண்டும். தராசு முள் குறியை எட்டாவிட்டால், யாரும் சொல்லுமுன்பே அந்த மனிதர் தரையில் விழுந்து சவுக்கடிக்கு உடம்பைக் காட்டுவாராம். சாட்சிகள் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். முதுகிலிருந்த தழும்புக்கு "அரானா முத்திரை" என்றே பெயர்.

கிராணிமார்களாகிய நாங்கள் தராசுக்குப் பின்னால் நிற்பவர்கள். இதைப் படித்த அன்று எங்களுக்குக் கணக்குப் புத்தகத்தில் கை ஓடவில்லை.

சவுக்கை வீசியவர்களில் பலர் யார் தெரியுமா? பார்படோஸ் தீவிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட கறுப்புத் தொழிலாளிகள். கம்பெனிக் கடையில் கடன் ஏறி, வெளியேற வழியில்லாமல் அகப்பட்டவர்கள். அடிக்க மறுத்தவர்களும் அடிபட்டார்கள். அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால்தான் 1910-ல் கேஸ்மென்ட் என்ற அதிகாரியை விசாரணைக்கு அனுப்பியது லண்டன். காட்டு மக்களுக்காக மட்டும் என்றால் அனுப்பியிருப்பார்களா என்பது சந்தேகமே! முப்பது பார்படோஸ்காரர்கள் அவரிடம் வாக்குமூலம் கொடுத்தார்கள். 1912-ல் அறிக்கை வெளியாயிற்று. மாண்டவர்கள் முப்பதாயிரம் பேர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அரானா ஒருநாள்கூடச் சிறை போகவில்லை; பெருவில் செனட்டராகி, 1952-ல்தான் இறந்தான். கேஸ்மென்ட்டையோ, அயர்லாந்து விடுதலைக்கு உழைத்த குற்றத்துக்காக 1916-ல் தூக்கிலிட்டார்கள்.

அந்தக் காட்டுப் பால் வியாபாரம் படுத்ததற்கு அறிக்கை மட்டும் காரணமல்ல. மலாயாத் தோட்டத்து ரப்பர் மலிவாய்ச் சந்தைக்கு வந்தது. அதாவது, கங்காணி பிடித்து வந்த நம்மவர் சீவிய பால். எந்தப் பாட்டனாருக்கும் இது தெரிந்திருக்காது.

எஞ்சிய மக்கள் அந்தக் காலத்தை "இருட்டுக் கூடை" என்கிறார்கள். பிள்ளைகள் பழிவாங்கும் எண்ணத்தோடு வளரக்கூடாது என்று பெரியவர்கள் அந்தக் கூடையை மூடிவைத்தார்களாம். வெகுகாலம் கழித்தே அதைத் திறந்து பேசத் தொடங்கினார்கள். 1988-ல் கொலம்பிய அரசு 58 லட்சம் ஹெக்டருக்கு மேற்பட்ட காட்டை அவர்களுடைய சொந்த நிலமென்று எழுதிக் கொடுத்தது. 2012-ல் ஜனாதிபதி சாந்தோஸ் மன்னிப்புக் கேட்டார். லா சொரேராவில் அரானாவின் ஆட்கள் இருந்து ஆண்ட அதே வீட்டில் இன்று அந்தக் குலத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இனி ஒன்று கேட்கிறோம், கோபிக்கக் கூடாது. பெட்டாயும் பிரம்பும் சுமந்துகொண்டு நம் லயத்துக்கு வருகிற ஓராங் அஸ்லி மக்களை நம்மில் சிலர் இன்னும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? அடிமை என்ற பொருள் ஏறிப்போன அந்தப் பழைய சொல்லைத்தானே? நம்மைக் கூலி என்று எவராவது சொன்னால் சங்கத்துக்குப் புகார் வருகிறது.

அந்தக் கம்பத்துத் தலைவரை, பாத்தின் என்பார்கள், அடுத்த கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம். அவர் பேசுவார், நாம் கேட்போம். ஞாயிறு காலை பத்து மணி, இதே மண்டபம். பெண்களும் பிள்ளைகளும் வரலாம்.