மாமாவுக்கு ஒரு சிறுநீரகம்



தியாகம் என்னும் பொருள்பற்றிப் பேசும்படி காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். பொதுப்படத் தியாகத்தைப் பேசுதல் எளிது. ஆனால் என் வீட்டிலே இப்பொழுது அஃது ஒரு வினாவாக வந்து நிற்கின்றபடியால், அவ்வினாவையே உங்கள் முன் வைக்கின்றேன். என் தாய்மாமனுக்கு இரு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. என்னுடையவற்றுள் ஒன்றை அவருக்குக் கொடுக்கலாமா என்று யோசித்து வருகின்றேன்.

மாமா வவுனியா வடக்கிலே வயல் செய்பவர். நீரிழிவு அவருக்கு இல்லை. கால் வீங்கிய பின்னரே வைத்தியரிடம் போனார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இப்பொழுது கிழமைக்கு மூன்று முறை, முறைக்கு ஏறக்குறைய நான்கு மணித்தியாலம், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு பிணைந்து கிடக்கிறார். காரணம் விளங்காத இந்நோய் உழவரிடையே பரவுவதை 1990களில் வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியாப் பகுதிகளிலே கண்டார்கள். பதவியா எங்களுக்கு அயலூர்தான். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இன்று நோயாளர் உளர். நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, வயலுக்கு அடிக்கும் மருந்து, கொளுத்தும் வெயிலில் நீரருந்தாது உழைத்தல் எனப் பலவற்றை ஐயுறுகின்றனர். இதுதான் என்று ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமுகமாக முடிவு செய்யவில்லை.

உயிரோடிருக்கும் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்கு வைத்து, அது நின்று நிலைத்தது முதன்முதல் 1954 டிசம்பர் 23ஆந் திகதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே. டாக்டர் யோசப் மறே என்பவர் தலைமையில் நடந்தது. 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொடுத்தவர் றொனால்ட் ஹெரிக். பெற்றவர் அவருடைய இரட்டைச் சகோதரர் றிச்சாட். றொனால்டுக்கு அப்பொழுது வயது 23. ஏறக்குறைய என் வயது. சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவு, “நீ வீட்டுக்குப் போய்விடு” என்ற கருத்தில் நோயாளியே சகோதரருக்குத் துண்டு எழுதி அனுப்பினாராம். தாம் போகப்போவதில்லை என்று மறுமொழி போயிற்று. றிச்சாட் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1963இல் காலமானார். றொனால்டோ 2010 வரை ஒற்றைச் சிறுநீரகத்துடன் இருந்தார்.

மிசன் பாடசாலையிலே பிறனுக்காகத் தன்னைக் கொடுத்தலே அன்பின் உச்சம் என்று படித்தேன். வீட்டிலே அம்மம்மா சிபிச் சக்கரவர்த்தியின் கதை சொல்லுவார். புறாவுக்காக அறுத்த தசை சிபிக்குத் திரும்ப வளர்ந்தது. நமக்கு வளராது. ஆகவே கணக்கும் பார்க்கத்தான் வேண்டும். கணக்குப் பார்ப்பதனால் அன்பு குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

கொடுப்பவர் இச்சத்திரசிகிச்சையால் இறப்பது பத்தாயிரவரில் ஏறக்குறைய மூவர் என 2010இல் அமெரிக்க ஆய்வொன்று கூறிற்று. எஞ்சிய சிறுநீரகம் பெருத்து, போனதன் வேலையிலும் பெரும் பங்கை ஏற்றுக்கொள்கின்றது. 2014இல் வெளிவந்த இன்னோர் ஆய்வின்படி, கொடுத்தவருள் பத்தாயிரத்துக்கு 90 பேருக்கு வாழ்நாளில் அந்த ஒன்றும் முற்றாகச் செயலிழக்கலாம். அவர்களைப்போலவே சுகதேகிகளாயிருந்து கொடாதவருள் அத்தொகை 14. அபாயம் சிறிதுதான். ஆனால் இது அமெரிக்கக் கணக்கு. அங்கே கொடுத்தவர் வீட்டுக்குத் திரும்பிக் குடித்தது எங்கள் கிணற்றுத் தண்ணீர் அன்று.

என்னை உறங்கவிடாதது இதுதான். மாமா குடித்த கிணற்றிலேதான் நானும் குடித்து வளர்ந்தேன். பல்கலைக்கழகம் முடிந்ததும் அந்த வயலுக்கே திரும்புவேன். மாமாவை வீழ்த்தியது இன்னதென்று தெரியாதிருக்க, என்னிடம் எஞ்சும் ஒன்றை எதிலிருந்து காப்பது? கொடுக்கும் துணிவு உண்டா என்று மாத்திரமே உறவினர் கேட்கின்றனர். கொடுத்தவன் பின்னர் எங்கே வாழ்வான், எதைக் குடிப்பான், ஆண்டுதோறும் அவனை யார் பரிசோதிப்பார் என்று ஒருவருங் கேட்டதில்லை. கேட்டவர் என் தாயார் ஒருவரே. அவரைச் சுயநலக்காரி என்று சிலர் பேசினார்கள். தம்பியும் மகனும் இரு பக்கத்திலும் நிற்க நடுவில் நிற்பவர் அவர். அவரைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை.

கடன் ஒன்றும் உண்டு. 2009 மே மாதத்தில் வட்டுவாகலைக் கடந்தபோது ஆறு வயதான என்னைத் தோளிலே சுமந்தவர் மாமா. மெனிக் பாம் முகாமிலே வரிசையில் நின்று எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரும் அவரே. இதைச் சொல்லி, “நான் தாறன் மாமா” என்றேன். அவர் கோபித்துக்கொண்டார். “அண்டைக்கு உன்னைத் தூக்கினது கடன் குடுத்ததெண்டோ நினைச்சனி, மருமோன்? அப்பிடியெண்டால் எனக்கு வேண்டாம்” என்றார்.

அதன் பின்னரே கடனைத் திருப்புவது வேறு, கொடுப்பது வேறு என்று எனக்கு உறைத்தது. இலங்கையில் உறுப்புக்களை விலைக்கு வாங்குவதையும் விற்பதையும் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. காசின்றி, உறவினரின் பார்வையாலேயே ஒருவனை வாங்கிவிடவும் கூடும். அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. பிற நாடுகளில் பல வைத்தியர்கள், கொடுக்க வந்தவன் தனியே வந்து மனம் மாறியதாகச் சொன்னால், “பொருந்தவில்லை” என்று மாத்திரம் வீட்டாருக்கு அறிவிப்பார்களாம். அந்த ஒரு வாசல் திறந்திருந்தால்தான், உள்ளே போகிறவன் தானாகப் போனான் என்று சொல்ல முடியும்.

என் மனம் கொடுக்கும் பக்கமே சாய்கின்றது. இரத்த வகை பொருந்தியிருக்கிறது. எஞ்சிய பரிசோதனைகள் சோதனை முடிந்த பின். வைத்தியரிடம் முதலிற் கேட்க வேண்டியதைக் கொப்பியிலே எழுதி வைத்திருக்கின்றேன்: எங்கள் ஊரிலே வாழ்ந்துகொண்டு ஒன்றுடன் இருக்கலாமா?

இதற்கிடையில் கிணற்றை விட்டுவிட்டோம். சுத்திகரித்த குடிநீர் கொடுக்கும் நிலையத்திலிருந்து துவிச்சக்கரவண்டியிலே கலன்களைக் கட்டிக் கொண்டுவருகின்றேன். மாமாவுக்கு நாளொன்றுக்கு அளந்த நீரே அனுமதி. சென்ற கிழமை தமக்குரியதை அளந்து ஊற்றிவிட்டுக் கலனை என் பக்கம் தள்ளினார். “மிச்சம் முழுக்க நீதான் குடிக்கோணும்” என்றார்.