இது நம் சங்கத்தின் வேலைதான்

(தொம்மலூர் கிளைக் கூட்டத்தில் மாணவர் பிரிவின் தீர்மானத்தை ஆதரித்து ஆற்றிய உரை)



நான் பெரிய படிப்பாளி அல்ல. பத்தாவது தேறி, ரயில்வேயில் முன்பதிவுச் சன்னலில் உட்காரும் குமாஸ்தா. நம் மாணவர் பிரிவினர் ஒரு தீர்மானம் கொண்டு வந்திருக்கிறார்கள். நடையைப் பார்த்தோ குரலைக் கேட்டோ ஒரு பிள்ளையைக் கேலி செய்வதை நம் மாலை வகுப்பில் அனுமதிக்கக் கூடாது. திருநர், தன்பாலீர்ப்பாளர் என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளுக்குச் சங்கம் துணை நிற்க வேண்டும் என்கிறது அது. "இது தமிழர் சங்கத்தின் வேலையா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1991 டிசம்பரில், காவிரிப் பிரச்சினையை வைத்து இந்நகரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது எனக்கு 11 வயது. பள்ளி திறந்ததும் பையன்கள் என்னைக் 'கொங்கா' என்றார்கள். பல நாள் அழுதேன். அதே வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பையன் இருந்தான். மெல்லிய குரல், கையை அசைத்துப் பேசுவான். அவனைப் பார்த்து 'ஒம்போது' என்று முதலில் கத்தியவன் யார் தெரியுமா? நான்தான்! அவனைக் காட்டிக் கொடுத்தால் என்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விட்டும்விட்டார்கள். அவன் ஏழாவதோடு பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். இன்று எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

தோழர்களே, கல்லூரிகளில் ராகிங்கைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதிகள் செய்தது. 2016இல் அதைத் திருத்தியது. சாதி, மதம், பாலினம், திருநர் என்பது, பாலீர்ப்பு, பிறந்த வட்டாரம், பேசும் மொழி ஆகியவற்றைக் காரணமாக்கி ஒரு மாணவரை வதைப்பதும் ஒதுக்குவதும் ராகிங் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. கவனியுங்கள்! என்னைக் 'கொங்கா' என்றதும், அவனை 'ஒம்போது' என்றதும் ஒரே விதியில் ஒரே குற்றம். நமக்கு வேண்டிய பாதியை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ள முடியுமா?

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. 1860ஆம் ஆண்டு வெள்ளையர் ஆட்சி எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை எதிர்த்து, ஐ.ஐ.டி.களில் படிப்பவரும் படித்து முடித்தவருமாக 20 பேர் 2018இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். வேறு பலரும் முன்பே போராடி வந்த வழக்கு அது. வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

"வெளியூர்ச் சங்கதி" என்பீர்கள். நாமக்கல் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த திருநங்கை அ. ரேவதி, பள்ளியில் பட்ட கேலியையும் அடியையும் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர் பின்னால் வந்து சங்கமா அமைப்பில் சேர்ந்து உழைத்தது இதே பெங்களூரில்தான். நம்மைப்போல் பிழைக்க வந்த தமிழர்தானே அவரும்?

"பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள்" என்கிறார் ஒருவர். கேலியால் ஒரு பிள்ளையை விரட்டலாம், மாற்ற முடியாது. நான் விரட்டியவன். அதனால் சொல்கிறேன்.

மானியக் குழுவின் விதி கல்லூரிக்கு. கல்லூரிப் பிள்ளைகள் 1800-180-5522 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் நம் மாலை வகுப்புக்கு வரும் ஆறாவது, ஏழாவது பிள்ளைகள் யாரிடம் போவார்கள்? நம்மிடம்தான் வர வேண்டும்.

என் சன்னலில் நீட்டப்படும் முன்பதிவுப் படிவத்தில் ஆண், பெண் என்பதோடு திருநர் என்றும் எழுத இடமிருக்கிறது. ரயிலில் இடம் கொடுத்தாகிவிட்டது. நம் சங்கத்துப் பாயில் இடமில்லையா?

அன்று என்னோடு சேர்ந்து வாய் திறந்து கத்தியவர்கள் பலர். "போதும்டா" என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. இன்று நம் மாணவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றித் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.