கொடிமலைக்கு என் ஓட்டு



வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால்தான் சுங்கை பாக்காப்பில் இருக்கும் நமக்குப் பினாங்குத் தீவின் ஞாபகம் வருகிறது. மற்ற நாளில்? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை, தீபாவளிக்கு லிட்டில் இந்தியா. அதோடு சரி. 2014இல் திறந்த இரண்டாவது பாலம், 24 கிலோமீட்டர் நீளம், நம் பக்கத்துப் பத்து காவானில்தான் வந்து இறங்குகிறது. அப்படியிருந்தும் பள்ளி விடுமுறை விட்டால் பேரங்காடிக்குத்தான் வண்டியைத் திருப்புகிறோம். அங்கே குளிர்சாதனம் இலவசம், ஒப்புக்கொள்கிறேன்!

ஒரு காலத்தில் ஜார்ஜ்டவுனில் பொழுதுபோக்கு என்றால் நியூ வேர்ல்டு பார்க். பங்சாவான் நாடகம், ரோங்கெங் ஆட்டம், குத்துச்சண்டை எல்லாம் ஒரே வளாகத்தில். இன்று அந்தப் பெயரில் சாப்பாட்டுக் கடைகள்தான் மிச்சம். ஐஸ் கச்சாங் அருமை, ஆனால் ஆட்டமும் பாட்டும் போய்விட்டன.

இப்போது கொம்தார் கோபுரத்தின் உச்சியில் கண்ணாடித் தரைமேல் நடக்கலாம். தெலுக் பஹாங்கில் எஸ்கேப் பூங்காவின் 1,111 மீட்டர் சறுக்குக் குழாய் கின்னஸ் சாதனையே படைத்தது. இளைஞர்கள் தாராளமாகப் போகட்டும். என் ஓட்டு கொடிமலைக்கு.

அங்கே ஏறும் மலைரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. அப்போது பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும்; உச்சிக்குப் போக அரை மணி நேரம். 2011இல் வந்த புது ரயில் ஒரே மூச்சில் சில நிமிடங்களில் ஏற்றிவிடுகிறது. ஏறும்போது பெட்டியின் கீழ்க்கோடியில் நின்று பாருங்கள். தண்டவாளம் காலுக்கடியில் செங்குத்தாகச் சரியும், காது அடைக்கும், குகைக்குள் ஒரு கணம் இருட்டும். பிள்ளைகள் போடும் கூச்சல் இருக்கிறதே, அதற்கே கொடுத்த காசு செரித்துவிடும்.

மேலே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அக்கம்பக்கத்தில். மேகம் இல்லாத காலையில் கீழே நகரம், கடல், அக்கரையில் நம் செபராங் பிறை. நாம் குடியிருக்கும் பக்கத்தை அத்தனை உயரத்திலிருந்து நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? ஆனால் சுவிட்சர்லாந்து மலைரயிலை யூடியூப்பில் பார்த்து வாய் பிளக்கிறோம்!

மைகார்டு காட்டினால் உள்ளூர்க் கட்டணம்தான். வார இறுதியில் வரிசை நீளும். வார நாளில், வெயில் ஏறும் முன்பே போய்விடுங்கள். வரும் விடுமுறையில் தாத்தா பாட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.