புதிய கல்வியாண்டும் மாணவர் மன்றமும்



கோடை விடுமுறை கழிந்து பள்ளிக் கதவுகள் திறக்கும்போது, புதிய புத்தகங்களின் மணத்தோடு ஒரு புதிய ஆண்டும் உங்கள் கையில் வந்து சேர்கிறது. அந்த ஆண்டைப் பற்றிக் கல்வித்துறை திட்டமிடுகிறது, ஆசிரியர்கள் திட்டமிடுகிறார்கள், பெற்றோரும் திட்டமிடுகிறார்கள். அதற்கு உரியவர்களாகிய நீங்கள் திட்டமிட வேண்டாமா? உயர்நிலைப் பள்ளியில் மாணவர் மன்றம் என்று ஒன்று இருப்பது அதற்காகவே. ஆண்டின் தொடக்கத்தில் அம்மன்றம் கூடும்போது எவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும், எவ்வாறு முடிவு செய்ய வேண்டும் என்பது குறித்து இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மாணவர் மன்றம் நேற்றுத் தோன்றிய எண்ணம் அன்று. 1952-ஆம் ஆண்டில் மத்திய அரசு இடைநிலைக் கல்விக் குழு ஒன்றை அமைத்தது. அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் அதற்குத் தலைமை தாங்கினார். மாணவர் தம்மைத் தாமே ஆளப் பழகவேண்டும் என்றும், நடத்தை விதிகளை வகுத்துக் காக்கும் பொறுப்பை மாணவர் மன்றங்களிடம் ஒப்படைக்கலாம் என்றும் 1953-இல் அக்குழு பரிந்துரைத்தது. ஒழுங்கு என்பது பிரம்பின் அச்சத்தால் வருவது அன்று, பொறுப்பின் பழக்கத்தால் வருவது என்பதே அதன் உட்கருத்து.

ஆனால் நடைமுறையில் என்ன காண்கிறோம்? பல பள்ளிகளில் தலைவர் தேர்தல் ஆரவாரமாக நடக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் சட்டையில் ஒரு சின்னத்தை அணிந்துகொள்கிறார். பிறகு, ஆசிரியர் இல்லாத வேளையில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதே அவருடைய வேலையாகிவிடுகிறது. இது மன்றம் அன்று; காவல். தோழர்களைக் காட்டிக்கொடுப்பதற்கு ஒரு மன்றம் தேவையில்லை. தோழர்களுக்காகப் பேசுவதற்கே தேவை.

அவ்வாறு பேசவும் செயலாற்றவும் விரும்பும் மன்றம் முதலில் செய்ய வேண்டுவது நாட்களை எண்ணுவதாகும். பள்ளி ஆண்டில் 200 நாட்களுக்குக் குறையாமல் நடைபெற வேண்டும் என்று முதலியார் குழு சொன்னது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 220 வேலை நாட்களைக் குறைந்த அளவாக வைத்திருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் எனக் கொண்டால் இது 44 வாரம். இரு வாரத்துக்கு ஒரு முறை இலக்கியக் கூட்டம் நடத்துவோம் என்று தீர்மானித்தால் 22 கூட்டங்கள் ஆகின்றன. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளுக்கான வாரங்களைக் கழித்தால் பதினாறோ பதினேழோ எஞ்சும். இந்தக் கணக்கைப் போடாமல் முப்பது நிகழ்ச்சிகளை எழுதிவைப்பவர்கள் ஆண்டு இறுதியில் வெட்கப்பட நேரிடும். செய்ய இயலாததை முதலிலேயே விட்டுவிடுவதும் திட்டத்தின் ஒரு பகுதியே.

நாட்களோடு பருவத்தையும் எண்ண வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம். விளையாட்டு விழாவை நவம்பரில் வைத்துவிட்டு, மைதானத்தில் தேங்கிய நீரைப் பார்த்து வருந்துவதில் பயனில்லை. மரக்கன்று நடும் விழா எல்லாப் பள்ளிகளிலும் நடக்கிறது. நட்ட கன்றுகளுள் பல அடுத்த கோடை விடுமுறையில் நீரின்றிக் கருகுகின்றன. ஏன்? நடுவதற்கு நாள் குறித்தார்கள். மே மாதத்தில் நீர் ஊற்றுவதற்கு ஆள் குறிக்கவில்லை. பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் மாணவர்கள் எவரெவர் என்று கண்டு, ஆளுக்கு ஒரு வாரம் என்று பொறுப்பை அளித்தால் நூறு கன்றுகள் வேண்டா. பத்துக் கன்றுகள் மரமாகும்.

இரண்டாவதாக, மன்றம் எண்ண வேண்டியது மன்றத்தில் இல்லாதவர்களை. இதுவே யாவற்றிலும் முதன்மையானது என்பேன். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், இலக்கியக் கூட்டங்களை மாலை மணி அடித்த பிறகு நடத்துவதென்று மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. கூட்டங்களும் சிறப்பாகவே நடந்தன. இரண்டு மாதம் கழித்து, வருகைப் பட்டியலைப் படித்துப் பார்த்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, பேருந்தில் வருகிற ஊர்ப் பிள்ளைகளில் ஒருவர் பெயர்கூட இதில் இல்லையே!” என்றாள். மன்றம் திகைத்தது. பள்ளி விட்டதும் அவ்வூர்களுக்குச் செல்லும் பேருந்து ஒன்றுதான். அதைத் தவறவிட்டால் இருட்டிய பின்னரே அடுத்தது. அவர்களுக்கு இலக்கியத்தில் விருப்பமில்லை என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை கடைசிப் பாட வேளைக்கு மாற்றப்பட்டது. அந்த ஆண்டுப் பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்றவன் பேருந்தில் வந்த பையன்.

ஒருமனதாகத் தீர்மானித்தார்கள் என்றேன். ஒருமனம் நல்லதுதான், ஆயினும் ஒரே வகையானவர்கள் கூடினால் ஒருமனம் எளிதில் வந்துவிடும். ஆகவே, ஒவ்வொரு தீர்மானத்தின்போதும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: “இதனால் வர இயலாமற் போகிறவர் யார்?” பணம் வசூலிக்கும் சுற்றுலாவா? கட்ட இயலாதவர் யார்? மேடை நிகழ்ச்சியா? மேடை ஏற முடியாத சக்கர நாற்காலித் தோழனுக்கு வழி என்ன? கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் மாதத்தில் சில நாள் வராமல் நிற்கும் மாணவியர் உண்டா? விழாக்களைவிட இத்தகைய கேள்விகளே மன்றத்துக்குப் பெருமை தருவன.

மூன்றாவதாக, எழுத்தும் கணக்கும். “நூலகம் சீர்படுத்தப்படும்” என்று எழுதுவது விருப்பம். “கிழிந்த நூல்களைப் பத்தாம் வகுப்பு மாணவர் இருவர் ஜூலை இறுதிக்குள் பிரித்தெடுத்து ஒட்டுவர்” என்று எழுதுவது தீர்மானம். யார், எதை, எந்த நாளுக்குள் என்னும் மூன்றும் இல்லாத தீர்மானத்தைக் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள். பத்து ரூபாய் செலவானாலும் அதன் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் குறிப்பேட்டை விரித்து, நடந்தவை எவை, நடவாதவை எவை என்று எல்லார் முன்னும் படியுங்கள்.

தலைமையாசிரியர்களுக்கும் இதில் கடமை உண்டு. பாடத்திட்டம், பொதுத்தேர்வு நாள் போன்றவை பள்ளியின் கையில் இல்லை. எவை மாணவர் முடிவுக்கு உரியவை, எவை அல்ல என்பதை முதற்கூட்டத்திலேயே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இயலாது எனில் காரணத்தோடு சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு மறந்துபோவது, கேளாமல் இருப்பதைவிடத் தீமை. கேட்டும் பயனில்லை என்னும் பாடத்தை அது இளமையிலேயே கற்பித்துவிடுகிறது.

கல்லூரியில் பயிலும் நண்பர்களே, உங்களுக்கும் ஒரு சொல். வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தத்தால். அது 1989-இல் நடைமுறைக்கு வந்தது. பள்ளியை விட்டு வெளியேறும் வேளையிலேயே நாட்டின் வாக்குச்சீட்டு உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. வாக்களிக்க ஒரு நாள் போதும். மாற்றுக் கருத்தைப் பொறுமையாகக் கேட்கவும், பொதுப்பணத்துக்குக் கணக்குச் சொல்லவும், அவையில் இல்லாதவரை நினைக்கவும் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். அப்பழக்கத்துக்கு ஏற்ற இடம் பள்ளி மன்றத்தின் அந்தச் சிறிய அறையே.

இந்த ஆண்டு உங்கள் மன்றம் கூடும்போது நாட்காட்டி ஒன்றையும் குறிப்பேடு ஒன்றையும் மேசைமேல் வையுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியை வெறுமையாக விட்டுவையுங்கள். வராதவருக்கு உரிய இடம் அது. அவரையும் நினைத்துத் தீர்மானம் செய்யுங்கள்.