பிழை திருத்தம்: எத்தனை நாளுக்கு ஒருமுறை?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



2011-ல் கணிப்பொறியியல் முடித்து இந்த வாசல் வழியாக வெளியே போனவன் நான். போன மாதம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீ கேம் கம்பெனியில இருக்கியாமே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசு" என்றார். பக்கத்தில் இருந்த என் அப்பா கேட்டார்: "விளையாட்டைப் பத்திப் பேசவா காலேஜ்ல கூப்பிடறாங்க? விளையாடாம படிடான்னுதானே உன்னை அங்க சேர்த்தேன்?" அவருக்கு இன்னும் என்மேல் முழு நம்பிக்கை வரவில்லை.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கைப்பேசி விளையாட்டுகளை வெளியிடும் ஒரு நிறுவனத்தில் நான் ரிலீஸ் என்ஜினியர். விளையாட்டை எழுதுகிறவன் இல்லை. எழுதி முடித்ததைச் சரிபார்த்து, கட்டி, ஆடுகிறவர் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன். கிட்டத்தட்டத் தபால்காரர் வேலை. தபால் நல்லபடி போய்ச் சேர்ந்தால் யாரும் என்னை நினைப்பதில்லை. போகாவிட்டால் எல்லோருக்கும் என் ஞாபகம்தான்!

இன்று காலை கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சிலர் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு தம்பி, "அண்ணா, எதுக்கு இத்தனை அப்டேட்? ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான் டேட்டா. அதுல பாதியை கேமே தின்னுடுது" என்றார். அதே மேசையில் இருந்த ஒரு தங்கை, "நான் ஆடுற கேம்ல ஆறு மாசமா ஒரு பக் அப்படியே இருக்கு. யாரும் கண்டுக்கவே மாட்டேங்கறாங்க" என்றார். ஒருவருக்கு அப்டேட் அதிகம், இன்னொருவருக்குப் போதவில்லை. இருவர் சொல்வதும் நியாயம்தான். அப்படியென்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை அப்டேட் விட வேண்டும்? இதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. விளையாட்டு கார்ட்ரிட்ஜில் வந்தது. தொழிற்சாலையில் சிப்பில் எழுதி முடித்தால் அதோடு சரி, வீட்டுக்குப் போன பிறகு மாற்ற வழியில்லை. போகிமான் ரெட், ப்ளூ விளையாட்டுகளில் 'மிஸ்ஸிங்நோ' என்று ஒரு பிழை உண்டு. உரிய தகவல் இல்லாத இடத்தை நிரல் படிக்கப்போய், உருக்குலைந்த ஒரு பிராணி திரையில் வந்து நிற்கும். அந்தக் கார்ட்ரிட்ஜ்களில் அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதனால் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் சிப்புக்கு அனுப்புமுன் பத்து முறை பார்த்தார்கள். அப்படியும் பிழை வந்தது என்பது வேறு விஷயம்.

பிறகு இன்டர்நெட் வந்தது. அனுப்பிய பின்னும் திருத்தலாம் என்று ஆனது. அதோடு கூடவே, "இப்ப விட்டுடலாம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சும் வந்து சேர்ந்தது.

அதன் விலை எல்லோருக்கும் தெரிய வந்தது 2020 டிசம்பர் 10 அன்று. போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 'சைபர்பங்க் 2077' விளையாட்டை வெளியிட்டது. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் ஆடவே முடியாத நிலை. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. மறுபடி கடையில் வைத்தது 2021 ஜூனில். நடுவில் அடுக்கடுக்காகத் திருத்தங்கள். கம்ப்யூட்டரில் ஆடியவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. சேவ் ஃபைல் 8 எம்பியைத் தாண்டினால் கெட்டுப்போகும். டிசம்பர் 23-க்குள் 1.06 என்ற திருத்தம் அதைச் சரிசெய்தது. ஆனால் ஏற்கெனவே கெட்ட ஃபைல்களை அது மீட்டுத் தரவில்லை. தம்பிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தம் வந்துவிடும், இழந்தது வராது. 2023 செப்டம்பரில் 2.0 வந்த பிறகுதான் பலர் அந்த விளையாட்டை மனதாரப் பாராட்டினார்கள். கிட்டத்தட்ட மூன்று வருடம்.

அப்படியானால் அடிக்கடி அப்டேட் விட்டால் நல்லது என்று தோன்றும். அதுவும் சரியில்லை. 2013-ல் தொடங்கிய 'ஜிடிஏ ஆன்லைன்' விளையாட்டுக்கு வாரா வாரம் ஏதாவது புதிதாக வந்துகொண்டே இருந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் விளையாட்டைத் திறந்தால் உள்ளே போகப் பல நிமிடங்கள். 2021-ல் வெளியாள் ஒருவர், அந்த நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத நிரலாளர், இது ஏன் என்று தோண்டிப் பார்த்தார். பத்து எம்பி அளவுள்ள ஒரு பொருள் பட்டியலை விளையாட்டு படிக்கிறது. ஒவ்வொரு பொருளையும் சேர்க்கும்போது, இது ஏற்கெனவே இருக்கிறதா என்று பட்டியலை முதலிலிருந்து பார்க்கிறது. ரிஜிஸ்டரில் ஒரு புதுப் பெயர் எழுதும்போதெல்லாம் முதல் பெயரிலிருந்து மறுபடி வாசிக்கிற வாத்தியார் மாதிரி! பட்டியலில் 63,000 பொருள். அவர் சரிசெய்து காட்டியதும் அவருடைய கம்ப்யூட்டரில் ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக ஆனது. நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு, அவருக்கு 10,000 டாலர் கொடுத்து, அந்த மார்ச்சிலேயே திருத்தத்தை வெளியிட்டது. நம் இரண்டாம் ஆண்டு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம்தான் ஐயா! எத்தனையோ அப்டேட் போயிருக்கிறது, இந்தப் பிழைமேல் மட்டும் யார் கண்ணும் படவில்லை. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. திருத்தமே கெடுதல் செய்யும். 2007 டிசம்பரில் ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 'ஈவ் ஆன்லைன்' விளையாட்டுக்கு ஒரு பெரிய அப்டேட் விட்டது. அந்த விளையாட்டுக்குச் சொந்தமாக 'பூட்.ஐஎன்ஐ' என்று ஒரு ஃபைல் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி துவங்குவதற்கும் அதே பெயரில் ஒரு ஃபைல் உண்டு. அப்டேட் தன்னுடையதை அழிப்பதாக நினைத்து விண்டோஸுடையதை அழித்தது. அடுத்த முறை கம்ப்யூட்டரைப் போட்டால் பலருக்கு அது துவங்கவே இல்லை. விளையாட்டுக்கு ஒட்டுப்போடப் போய் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கிழித்த கதை.

இதெல்லாம் ஊர்க்கதை. இனி என் கதை. இதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. என்னை வளர்த்த இடம் என்பதால் இங்கே சொல்கிறேன்.

2022 தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அப்போது நான் இருந்த நிறுவனத்தில் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்று. வீடு, கடை, குளம், தோட்டம் என்று ஆடுகிறவர் மாதக்கணக்கில் கட்டிக்கொண்டே போகலாம். எங்களுக்கு வாரம் ஒரு அப்டேட், வெள்ளி மாலை ஆறு மணி. அது எழுதாத சட்டம். அந்த வாரம் தீபாவளிக் கடை ஒன்று சேர்ந்தது. அதற்காக சேவ் ஃபைலின் அமைப்பை மாற்றினோம்.

சோதனைப் பிரிவில் ஒரு பெண் புதன்கிழமையே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: "பழைய போன் ஒன்றில் ஊர் காணாமல் போனது." மறுபடி செய்து பார்த்தபோது வரவில்லை. அதனால் குறிப்பை மூடிவிட்டார்கள். நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். வழக்கமாக ஐந்து சதவீதம் பேருக்கு மட்டும் முதலில் அனுப்பி, ஒருநாள் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்புவோம். அன்றைக்குப் பண்டிகை என்று நூறு சதவீதமும் ஒரே அடியாக விட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஊருக்குப் போக பஸ் எட்டரை மணிக்கு.

என்ன நடந்ததென்றால், புது நிரல் பழைய சேவ் ஃபைலை அழித்துவிட்டுப் புதியதை எழுதியது. போனில் இடம் நிறைந்திருந்தால் எழுதுவது பாதியில் நின்றுபோகும். பழையதும் இல்லை, புதியதும் இல்லை. எங்கள் ஆபீஸ் சோதனைப் போன்கள் எல்லாம் காலியாக இருந்தன. மக்கள் போன்களில்தான் கல்யாண வீடியோ, குட்மார்னிங் படம் எல்லாம் நிறைந்து கிடக்கிறதே!

சனிக்கிழமை காலை புகார்கள் குவிந்தன. பஸ் ஸ்டாண்டிலிருந்தே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் அவசரத் திருத்தம் தயார். சோதிக்க நேரமில்லை என்று நானே முடிவுசெய்து விட்டுவிட்டேன். அங்கேதான் பெரிய தப்பு. ஒவ்வொருவர் ஊருக்கும் எங்கள் சர்வரில் ஒரு நகல் இருந்தது. என் திருத்தம் போனில் இருந்த காலி ஊரைச் சரியான ஊர் என்று நம்பி, அதை சர்வருக்கு அனுப்பி, நல்ல நகலின் மேலேயே எழுதிவிட்டது. வெள்ளிக்கிழமை அப்டேட் போனில் இருந்ததை அழித்தது. சனிக்கிழமை என் திருத்தம் மிச்சமிருந்ததையும் அழித்தது.

வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் எழுதியது. "சார், தினம் ராத்திரி நானும் ஊர்ல இருக்கிற என் பையனும் சேர்ந்து கட்டின ஊர் அது. ரெண்டு வருஷமா நாங்க சந்திக்கிற இடமே அதுதான். காலையில பையன் அழுதுகிட்டே போன் பண்ணான்." நாங்கள் மன்னிப்புக் கேட்டு, விளையாட்டுக் காசு நிறையக் கொடுத்தோம். அவர் பதில் எழுதினார்: "காசு வேணாம் சார். இனிமே யாருக்கும் இப்படி ஆகாம பாத்துக்குங்க." அவர் மறுபடி ஆடுகிறாரா என்று கணக்கைத் திறந்து பார்த்திருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு நாங்கள் நடைமுறையை மாற்றினோம். அதை உங்களுக்குச் சொல்கிறேன். அப்டேட் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டாமல் மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

முதலாவது, தீ. ஆடுகிறவரின் சேமிப்பு, அவர் கட்டிய பணம், உள்ளே நுழையும் வழி, இவை கெட்டால் அது தீ. இதற்கு நாள் நட்சத்திரம் பார்க்கக் கூடாது. ஆனால் தீயில் முதல் வேலை திருத்துவது அல்ல, நிறுத்துவது. போய்க்கொண்டிருக்கும் அப்டேட்டை நிறுத்து. சர்வரில் நகலின்மேல் எழுதுவதை நிறுத்து. ரத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் தையல் போட வேண்டும். நான் தையலில் ஆரம்பித்தேன். திருத்தமும் அந்த ஒன்றுக்கு மட்டும்தான். "அதோட இதையும் சேர்த்துடலாமே" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இரண்டாவது, சாதாரணப் பிழைகள். எழுத்துப் பிழை, சுவரில் மாட்டும் கதாபாத்திரம், கணக்கு கொஞ்சம் ஏறியிறங்குவது. இதற்கு ஒரு தாளம் வேண்டும். 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று அட்டவணையை முன்கூட்டியே அறிவிக்கிறது. எப்போது வரும் என்று தெரிந்தால் ஆடுகிறவர் பொறுத்துக்கொள்வார். கேண்டீனில் கேட்ட தங்கைக்கு இதுதான் பதில். ஆறு மாதமாகத் திருத்தாததைவிட, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்ததுதான் உங்களைக் கோபப்படுத்தியது.

மூன்றாவது, புதுச் சரக்கு. புது ஊர், புதுக் கடை. இது பழுத்த பிறகு வந்தால் போதும். 'ஸ்டார்ட்யூ வேலி' என்ற பண்ணை விளையாட்டு 2016-ல் ஒரே மனிதர் உருவாக்கியது. அதன் 1.6 அப்டேட் 2024-ல்தான் வந்தது. ஆடுகிறவர்கள் சந்தோஷமாகவே காத்திருந்தார்கள். டேட்டா தீருகிறது என்ற தம்பிக்கும் இதில் பதில் இருக்கிறது. திருத்தம் சிறியதாகத் தனியே வர வேண்டும். பெரிய சரக்கை வைஃபை இருக்கும்போது எடுத்துக்கொள்ள வழி தர வேண்டும்.

வாரா வாரம் விடுகிற ஓட்டத்துக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஊழியர்கள் மாதக்கணக்கில் அளவுமீறி உழைத்த செய்தி 2019-ல் வெளிவந்தது. தூங்காத கண்ணுக்குப் பிழை தெரியாது. சனிக்கிழமை எனக்கும் தெரியவில்லை.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு மூன்று சின்ன விஷயம். புதிய ஃபைலை முழுதாக எழுதி, படித்துச் சரிபார்த்த பிறகே பழையதை அழியுங்கள். முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்புங்கள். ஆப்பிள் கடையே ஒரு சதவீதத்தில் தொடங்கி ஏழு நாளில் நூறுக்குப் போக வசதி தருகிறது, கூகுள் கடையிலும் சதவீதத்தை நாமே வைக்கலாம். சோதனை செய்கிறவர் "ஒரே ஒரு தடவை வந்தது" என்று எழுதினால், அந்தக் குறிப்பை மூடாதீர்கள். அந்தப் பெண் இன்று என் குழுவில் இருக்கிறார். அவர் வேண்டாம் என்றால் அப்டேட் போகாது.

ஆக, எத்தனை நாளுக்கு ஒருமுறை? காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இது தவறினால் ஆடுகிறவர் எதை இழப்பார், அதைத் திருப்பிக் கொடுக்க நம்மால் முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் நாளைக்கே விடுங்கள். முடியாது என்றால் பஸ்ஸை விடுங்கள்.