மொழியும் பட்டறையும்
(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் கணிப்பொறித் துறை மாணவர்களிடையே ஆற்றிய உரை)



பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். முதலாண்டுக்குப் பைதானா, ஜாவாவா என்று துறையில் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். மொழியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்த மொழியில் எழுத உட்காருகிற பட்டறையை, அதாவது எடிட்டர், கம்பைலர், டீபக்கர் எல்லாம் சேர்ந்த அந்தச் சூழலை, யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

1983-இல் போர்லேண்ட் கம்பெனி டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு விற்றது. எடிட்டரும் கம்பைலரும் சேர்ந்தே 40 கேபிக்குள் அடக்கம். தப்பு வந்தால் கம்பைலர் நின்று, கர்சரை அந்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்கும். கம்பைலரை எழுதிய ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் பாதிப் பெருமை பாஸ்கலை வடிவமைத்த நிக்லாஸ் விர்த்துக்குச் சேர வேண்டும். ஒரு பெயரை முதலில் அறிவி, பிறகு பயன்படுத்து என்பது அவர் வைத்த விதி. அதனால்தான் மேலிருந்து கீழாக ஒரே ஓட்டத்தில் கம்பைல் செய்து முடிக்க முடிந்தது.

சி மொழிக்கு வாருங்கள். ‘அ * ஆ;’ என்று ஒரு வரி. இது பெருக்கலா, ‘ஆ’ என்ற பாயின்டரின் அறிவிப்பா? ‘அ’ ஒரு டைப்பா, வேரியபிளா என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்! அந்த விவரம் எங்கேயோ ஒரு ஹெடர் ஃபைலில் இருக்கும். அதற்குள் இன்னொரு ஹெடர், போதாக்குறைக்கு மேக்ரோ வேறு. இந்த மொழிக்கு நல்ல எடிட்டர் செய்யணும் என்றால் அதற்குள் கிட்டத்தட்ட ஒரு முழுக் கம்பைலரையே வைக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர், ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் 1970-களில் பிறந்த ஸ்மால்டாக். அங்கே நிரல் தனித்தனி ஃபைலாக இல்லை. ‘இமேஜ்’ என்று உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் ஒரே உலகம். மொழியும் பட்டறையும் வேறு வேறு இல்லை. டீபக்கருக்குள்ளேயே மெத்தடைத் திருத்தி, ஓட்டத்தைத் தொடரலாம். என்ன, வெளியில் இருக்கும் சாதாரண எடிட்டர் எதுவும் அங்கே செல்லுபடியாகாது.

பைதானில் ஒரு ஃபங்ஷனுக்கு ‘பில்’ என்று ஒன்றை அனுப்புகிறோம். உள்ளே ‘பில்’ போட்டு ஒரு புள்ளி வைத்தால், எடிட்டர் என்ன பட்டியல் காட்டும்? பில் எந்த வகை என்று நீங்களே சொல்லவில்லையே, அது பாவம் என்ன செய்யும்! 2015-இல் பைதான் 3.5-இல் டைப் குறிப்பு எழுத முறையான வழி வந்தது. ஜாவாவில் வகையை எழுதியே ஆக வேண்டும். கை வலிக்கும்; ஆனால் ஒரு மெத்தட் பெயரை மாற்றினால் அதை அழைக்கும் இடங்களையெல்லாம் எடிட்டரே நம்பிக்கையோடு மாற்றிக் கொடுக்கும்.

சில சமயம் பட்டறையே மொழியைத் திருப்புவதும் உண்டு. எஸ்க்யூஎல்-இல் ‘செலக்ட்’ முதலில், எந்த டேபிள் என்பது பிறகு. 2007-இல் சி ஷார்ப்பில் லிங்க் வந்தபோது ‘ஃப்ரம்’ முன்னால் வந்துவிட்டது. எதிலிருந்து என்று முதலில் தெரிந்தால்தான் எடிட்டர் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க முடியும். அப்போது சி ஷார்ப்பின் தலைமை வடிவமைப்பாளராக இருந்தவர் யார் தெரியுமா? அதே ஹெயில்ஸ்பெர்க்! ஜாவாஸ்கிரிப்டுக்கு வகை சேர்த்த டைப்ஸ்கிரிப்ட் 2012-இல் வந்ததே, அதிலும் அவர் கை இருக்கிறது.

இப்போது ஏஐ எழுதித் தருகிறதே சார் என்று ஒரு தம்பி காலையில் கேட்டார். தரட்டும். அது எழுதியதில் இல்லாத மெத்தடை அழைத்திருந்தால், ஓட்டிப் பார்க்கும் முன்பே பிடித்துக் கொடுக்க வகை தெரிந்த மொழி வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் செமஸ்டர் பைதான், அதுவும் வெறும் எடிட்டரில். பத்து ஃபைல், நாலு பேர் என்று புராஜெக்ட் வளரும்போது ஜாவாவுக்குப் போகலாம். துறைத் தலைவர் ஒத்துக்கொள்ள மாட்டார், தெரியும். மாலை 4 மணி வரை லேபில் இருப்பேன். ஒரே புரோகிராமை இரண்டு மொழியிலும் எழுதி, ஒரு மெத்தட் பெயரை மாற்றிப் பார்க்கலாம், வாருங்கள்.