பெயருக்குள் இருக்கும் கதை



உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவன் ஒருவன், "புராணக் கதைகளைப் படித்து இனி யாருக்குச் சேர் பயன்?" என்று என்னிடம் கேட்டான். கையிலே இரசாயனவியற் புத்தகம் இருந்தது. ஆவர்த்தன அட்டவணையை விரிக்கச் சொல்லி, தந்தாலம் என்ற மூலகத்தைக் காட்டி, "இதற்கு ஏன் இந்தப் பெயர்?" என்றேன். அணுவெண் 73 என்று உடனே சொன்னான். பெயரின் காரணம் தெரியவில்லை.

தந்தாலஸ் கிரேக்க புராணத்து அரசன். தேவர்களுக்கு இழைத்த பிழைக்காகப் பாதாளத்திலே கழுத்தளவு நீரில் நிற்கிறான். குடிக்கக் குனிந்தால் நீர் வற்றிவிடும். தலைக்கு மேலே பழக்கிளை. கையை நீட்டினால் காற்று அதனை விலக்கிவிடும். 1802இல் சுவீடன் நாட்டு எக்கபேர்க் ஓர் உலோகத்தைக் கண்டார். அதன் ஒட்சைட்டு அமிலத்துள்ளே கிடந்தும் அமிலத்தை ஏற்கவில்லை. நீரில் நின்றும் தாகம் தீராதவனின் பெயரை அதற்கு இட்டார். 1844இல் ஜேர்மனியரான ஹைன்றிக் றோசே, தந்தாலத்தோடு ஒட்டிக் கிடந்த வேறொரு மூலகத்தைப் பிரித்தறிந்து நையோபியம் என்றார். நையோபி யார்? பிள்ளைகளைப் பறிகொடுத்துக் கல்லாய்ச் சமைந்தவள், தந்தாலஸின் மகள். அமிலத்தோடு மாரடித்த மனிதருக்கு அந்தக் குடும்பத்தின் உறவுமுறையும் தெரிந்திருக்கிறது!

எல்லாப் பெயரும் இவ்வாறு பொருந்தியதென்று சொல்வதற்கில்லை. 1969இல் சந்திரனில் மனிதரை இறக்கிய திட்டத்துக்கு அப்பலோ என்று பெயர். அப்பலோவோ சூரியனோடு சேர்த்து எண்ணப்பட்டவன். சந்திரனுக்குரியவள் அவனுடைய இரட்டைச் சகோதரி ஆர்ட்டெமிஸ். 2022இல் புறப்பட்ட புதிய சந்திரப் பயணத்துக்குத்தான் அவள் பெயர் கிடைத்தது.

"எங்கள் புராணம் இப்படி ஏறவில்லையே சேர்" என்றான் மாணவன். ஓரளவு உண்மைதான். திரிசங்குவும் பகீரதனும் சகுனியும் எங்கள் பேச்சிலே வாழ்கிறார்கள், ஆய்வுகூடத்துக்குப் போகவில்லை. ஆனால் 2019இல் இலங்கைப் பொறியியலாளர் இருவர் ஜப்பானிலே உருவாக்கிய சிறு செய்மதிக்கு இராவணா - 1 என்றே பெயர். நிறை ஏறத்தாழ ஒரு கிலோ. பத்துத் தலைக்கு அது போதுமா என்று கேளாதீர்கள். 2024இல் இந்தியா பரிசோதித்த மீள்பயன்பாட்டு விண்கலத்தின் பெயர் புஷ்பக். குபேரனிடமிருந்து இராவணன் பறித்த விமானம் அது. இராவணன் ஒரு நாட்டிலும் விமானம் மற்ற நாட்டிலுமாகப் பங்கு பிரித்தாயிற்று.

மாணவன் சிரித்தான். எழுந்து போக இருந்தவனிடம் இன்னும் ஒன்றைச் சொன்னேன். கிரேக்கரின் விதித் தெய்வங்கள் மூன்று சகோதரிகள். ஒருத்தி உயிரின் இழையை நூற்பாள். ஒருத்தி அளப்பாள். மூன்றாமவள் அத்திரோப்பொஸ் அதனை அறுப்பாள். எந்த மன்றாட்டுக்கும் திரும்பாதவள் என்பது அப்பெயரின் பொருள். உண்டவரைக் கொல்லும் ஒரு செடிக்கு லின்னேயஸ் 1753இல் அவள் பெயரைச் சூட்டினார். அச்செடியிலிருந்து எடுத்த மருந்து அத்திரோப்பீன். பயிருக்கு அடிக்கும் சிலவகைப் பூச்சிநாசினிகளின் நஞ்சு ஏறியவர்களுக்கு எங்கள் ஆஸ்பத்திரிகளில் ஏற்றுவது அதுவே.

அவன் புத்தகத்தை மூடினான். வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. "பெரியப்பா மருந்தடிக்கேக்க மயங்கி விழுந்தவர் சேர். அந்த ஊசியாலைதான் தப்பினவர்" என்றான். பிறகு சற்றுப் பொறுத்து, "அறுக்கிறவளின்ரை பெயரையோ சேர் வைச்சவை?" என்று கேட்டான்.